மேல் மூலையில் ஓடிய நேரம்

தம்பி,

நீ போனில் அனுப்பிய படம் போன வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. அதற்கு நான் ஒரு வரிகூடப் பதில் போடவில்லை என்று அம்மாவிடம் இரண்டு தடவை குறைப்பட்டிருக்கிறாய். குறைப்படத்தான் வேண்டும். கொழும்பில் உன்னுடைய கம்பனி புதிதாக வெளியிடப்போகும் வீடியோ பிளேயருக்கு, திரையில் எந்த எழுத்து எங்கே தெரியவேண்டும், எந்த எண் எந்த மூலையில் நிற்கவேண்டும் என்ற முழு அமைப்பையும் உன்னை நம்பித் தந்திருக்கிறார்கள். நீ செய்ததை முதலில் எனக்குத்தான் காட்டினாய். மேலே வலது மூலையில் நேரம், வெறும் எண்ணாக. கீழே கறுப்புப் பட்டை, அதன் நடுவில் கம்பனியின் பெயர். வேறு ஒரு சொல்லும் இல்லை, துடைத்து வைத்த மாதிரிச் சுத்தம். கீழே, "உங்கடை பழைய லேஅவுட்டைப் பாத்துத்தான் செய்தனான் அப்பா" என்று எழுதியிருந்தாய். மகன் அப்படி எழுதினால் எந்தத் தகப்பனும் அதை நாலு பேருக்குக் காட்டித் திரிவான். நானோ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடற்றொழிலாளர் சங்கத்தில் நடந்ததை இதற்குள் யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் இப்படியான கதை பஸ் பிடித்துப் போவதில்லை, அதற்கு முன்னமே போய்விடும். ஆனால் முழுவதையும் நான் சொல்லி நீ கேட்கவேண்டும். போனில் சொல்ல எனக்குத் தைரியம் காணாது. நீ நடுவில் ஏதாவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே தெரியும். ஆகவே எழுதுகிறேன். இதன் இன்னொரு பிரதியை வாசிகசாலை மேசையிலும் வைக்கப்போகிறேன். ஊர் வாசிக்கட்டும். அப்படி வாசிக்கிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்த சிலதையும் சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்.

நெல்லியடியில் நான் வீடியோக் கடை வைத்திருந்த காலத்தில் கலியாண மண்டபங்களில் பெரிய திரை கட்டிப் படம் ஓட்டும் வேலையும் செய்தேன். அதற்கு நான் பாவித்தது சும்மா கிடைக்கும் ஒரு பிளேயர். அதில் ஒரு வசதி இருந்தது. திரையில் தெரியும் எழுத்தையும் எண்ணையும் நாமே அமைக்கலாம். ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. இந்த எண் இடப்பக்கமிருந்து இத்தனை பங்கு தள்ளி, மேலிருந்து இத்தனை பங்கு கீழே, இந்த அளவு, இந்த நிறம் என்று வரி வரியாக எழுதவேண்டும். ஒரு புள்ளியை மாற்றி எழுதினால் எழுத்து திரையை விட்டே ஓடிப்போய்விடும். அதோடு மல்லுக்கட்டி நான் கற்றுக்கொண்டேன். ஐம்பது வயதில் கொம்பியூட்டரில் புதிதாக ஒன்றைச் செய்த பெருமை எனக்கு. மண்டபத்தில் அடுத்த முகூர்த்தக்காரர் வாசலில் நிற்பார்கள், எனவே நேரம் எப்போதும் கண்ணில் படவேண்டும் என்று மேல் மூலையில் மணிக்கூடு வைத்தேன். கீழே அகலமாகக் கறுப்புப் பட்டை போட்டு அதில் தங்க நிறத்தில் என் கடையின் பெயர். மற்ற ஆட்கள் ஓட்டும் படத்தில் எழுத்துகள் மூன்று செக்கனில் மறைந்துவிடும். என்னுடையது மறையாது. என் பெயர் ஏன் மறையவேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது நீ பல்கலைக்கழக விடுமுறையில் வந்து நின்றாய். என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இப்போதைய நேரம் என்று ஒரு சொல் போடுங்கள், பார்க்கிறவனுக்கு அது என்ன எண் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். எழுத்துக் கூடினால் அசிங்கம் என்றேன். பத்திரிகை வாசிக்கவா சனம் மண்டபத்துக்கு வருகுது என்று நக்கலடித்தேன். நீ விட்டுவிட்டாய். பிறகு அதையே அழகு என்று நினைக்கவும் பழகிவிட்டாய். உன் நல்ல புத்தியை நான்தான் கெடுத்தேன், அதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

அதே விடுமுறையில் அம்மா கனடாவில் இருக்கும் சித்தியின் மகளுடைய கலியாண வீடியோவை நம் வீட்டு ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கூட்டுக்குக் கீழே படம் முடிய மீதி எவ்வளவு என்று காட்டும் எண்ணும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கனடாவில் இப்போது என்ன நேரம் என்று காட்டுகிறதா, ஏன் அங்கே நேரம் குறைந்துகொண்டு போகிறது என்று கேட்டாள். நானும் நீயும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை தம்பி. பெயர் சொல்லாத எண்ணைக் கண்டால் மனிதர் தங்களுக்குத் தோன்றிய பெயரை அதற்கு வைத்துக்கொள்வார்கள். அவளுடைய பிழையால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை ஆனது.

மூன்று வருடத்துக்கு முன் நம் கரையில் ஒரு எஞ்சின் களவு போனது உனக்கு ஞாபகமிருக்கும். சங்கத் தலைவரின் மைத்துனருடைய மீன்பிடிப் போட்டில் இருந்தது. இரவு ஒன்பது மணிக்குத் தான் அதைக் கண்டதாகவும் விடியக் கடலுக்கு இறங்க வந்தபோது காணவில்லை என்றும் அவர் சொன்னார். பொலிசுக்குப் போனால் நாள்கணக்காக அலையவேண்டும் என்று கடற்றொழிலாளர் சங்கமே விசாரிக்க முடிவெடுத்தது. கரையிலிருந்து ஊருக்குள் ஏறும் சின்ன ஒழுங்கையில் ஐஸ் விற்கும் கடையொன்று, அதன் வாசலில் ஒரு சிசிடிவி கமரா. கடைக்காரர் அன்று இருட்டிய பிறகு பதிவானதை ஓட விட்டுப் பார்த்து, தோளில் பாரத்தோடு ஒருவன் போகும் துண்டை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் சங்கத்து ஆளும் இல்லை, கூட்டத்துக்கு வரவும் இல்லை. பெரிய திரையில் காட்டவேண்டும் என்று தலைவர் என்னைக் கூப்பிட்டார். கௌரவமாகத்தான் போனேன்.

நான் கொண்டுபோன கொம்பியூட்டர் பழசு. அதற்குள் காசளவில் ஒரு சின்னப் பட்டரி இருக்கும், நேரத்தை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது செத்து அப்போதே கனகாலம். பிளக்கைக் கழற்றி வேறிடத்தில் கொண்டுபோய்க் கொழுவினால் கொம்பியூட்டர் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கும். மண்டபங்களில் முதல் வேலையாக நேரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் படம் போடுவேன். சங்கத்தில் முகூர்த்தமா இருக்கிறது என்று அன்றைக்கு அதைச் செய்யவில்லை. நாலு மணிக்குக் கொழுவினேன். தலைவர் பேச, மைத்துனர் பேச, ஆளுக்காள் கத்த, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகுதான் படத்தைப் போடச் சொன்னார்கள்.

திரையில் வந்தவன் நம் கரையில் தொழில் செய்த தவம். முகம் தெளிவாகத் தெரிந்தது. சாக்கில் சுற்றிய எஞ்சின் தோளில். தவம் மறுக்கவில்லை. எழுந்து நின்று, அது நான்தான், அது என்னுடைய எஞ்சின், கடலால் வந்து பின்னேரம் ஏழு மணிபோல கழுவித் திருத்தக் கொண்டுபோனேன் என்றான். ஏழு மணியா என்று யாரோ கேட்டார்கள். எல்லோருடைய கண்ணும் மேல் மூலைக்குப் போனது. அங்கே 1:20 என்று இருந்தது. இருட்டிவிட்டால் அந்தக் கமராவுக்கு ஏழு மணியும் ஒன்றுதான், ஒரு மணியும் ஒன்றுதான், எல்லாம் கறுப்பு வெள்ளை. சாமம் ஒன்று இருபதுக்கு எவன் எஞ்சின் கழுவக் கொண்டுபோவான் என்று தலைவர் கேட்டார். படத்தை நிற்பாட்டு, முகத்தை எல்லாரும் வடிவாகப் பார்க்கட்டும் என்று என்னிடம் சொன்னார். நிற்பாட்டினேன்.

படம் நின்றுவிட்டது. தவத்தின் ஒரு கால் தூக்கியபடி நின்றது. நான் கையை மவுசில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மேல் மூலையில் 1:20 போய் 1:21 வந்தது.

நின்றுபோன படத்தில் நேரம் மட்டும் எப்படி ஓடும்? அது என் மணிக்கூடு. செத்த பட்டரியின் மணிக்கூடு. அது சரியான நேரத்தைக் காட்டியிருந்தாலாவது, இது இப்போதைய நேரமல்லவா என்று யாராவது கவனித்து, தவம் தப்பியிருப்பான். அப்படியென்றால் கமரா பதிந்த நேரம் எங்கே? அப்படியான கமராக்கள் நேரத்தைப் படத்தின் அடியில்தான் பொறிக்கும். அந்த இடத்தில்தான் நான் என் கடையின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதி மூடி வைத்திருந்தேன். ஒரு பொத்தானை அமத்தினால் போதும், பட்டை போய்விடும். என் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. வேறு ஒருவரும் எண் மாறியதைக் காணவில்லை. எல்லோரும் தவத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டும், அதுவும் உள்ளபடி சொல்லவேண்டும். பயம் ஒரு காரணம். நாற்பது ஐம்பது பேர் கோபத்தில் நிற்கிறார்கள், தலைவர் சந்நதம் கொண்டவர் மாதிரி நிற்கிறார். என் பெயர் கெட்டுப்போகும் என்ற வெட்கம் இன்னொன்று. மூன்றாவதை எழுதக் கை கூசுகிறது. தவத்தின் தங்கச்சி கலியாணத்துக்கு நான்தான் வீடியோ எடுத்தேன். தாலி கட்டும் நேரத்தில் என் கமரா தாலியை விட்டுக் கும்பத்துத் தேங்காயில் நின்றுவிட்டதாம். அதை அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். தேங்காய்க் கமராக்காரர் என்று எனக்கொரு பட்டமும் வைத்தான். அன்றைக்கு அவன் எல்லோர் முன்னாலும் திக்கித் திணறியபோது என் மனதின் ஒரு மூலையில், படட்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. ஒரு நிமிடம்தான் வந்தது. அந்த நிமிடத்தில்தான் நான் பொத்தானை அமத்தியிருக்கவேண்டும். பிறகு, நாளைக்குத் தலைவரிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குப் போய், அடுத்த நாளைக்குப் போய், ஒரு கிழமை கழிந்தபின், இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் முதல் பயத்தை விடப் பெரிதாகிவிட்டது.

தவத்தைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். நம் கரையில் போட்டை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றார்கள். அவன் போட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பஸ்ஸேறிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய் மூட்டை தூக்கினான். கடலைத் தவிர வேறு தொழில் தெரியாதவன். அவன் மனைவி மலர் ஊரோடுதான் இருந்தாள், ஆனால் அவள் வந்தால் சனம் ஒதுங்கும். நான் அவனை நெல்லியடியில் இரண்டு மூன்று தடவை கண்டேன். எதிர்ப்பக்கம் தாண்டிப் போனேன். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டியே போனான். என்னில் அவனுக்கு ஒரு கோபமும் இருக்கவில்லை. நான் படம் காட்டினவன்தானே என்று நினைத்திருப்பான். அந்தத் தலையாட்டலுக்குப் பயந்துதான் கடையை மூடினேன் தம்பி. கண் சரியில்லை என்று உங்களுக்குச் சொன்னது பொய். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

மூன்று வருடமாக இதை விழுங்கிக்கொண்டு திரிந்தவனுக்கு நீ அந்தப் படத்தை அனுப்பினாய். அதே மூலை, அதே வெறும் எண், அதே பட்டை. என் பழக்கம் உன் கையால் எத்தனையோ வீடுகளுக்குப் போகப்போகிறது என்று கண்டபோது என்னால் இருக்க முடியவில்லை. உன் வேலையில் எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். எண்ணுக்குப் பக்கத்தில் அது என்ன என்று சொல்லும் ஒரு சொல்லைப் போடு. அழகு குறைந்தால் குறையட்டும், உன் மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். படத்தின் எந்தப் பகுதியையும் நிரந்தரமாக மூடாதே, அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. படம் நிற்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் எண் எது என்று பார்க்கிறவனுக்கு விளங்கவேண்டும். பெயரை ஒரு தடவை காட்டு, பிறகு எடுத்துவிடு. இதையெல்லாம் ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள். தகப்பனாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. பிழை நடந்தது தெரிந்தால் அந்த இடத்திலேயே வாயைத் திற. உன் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பிந்தினால் அந்தப் பிழை உன்னுடைய குற்றமாக மாறிவிடும், எனக்கு மாறினமாதிரி.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், சுளகைக் கீழே வைத்தாள். பிறகு, "சந்தையிலை மலர் என்னைப் பாத்துச் சிரிக்க வந்தவ, நான் முகத்தைத் திருப்பினனான். அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு அளவாகத்தான் கதைக்கிறாள். சாப்பாடு போட்டு வைக்கிறாள். நீ இதில் தலையிடாதே, அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாவகச்சேரிக்குப் போனேன். சந்தைக்குப் பின்பக்கம் லொறியிலிருந்து வாழைக்குலை இறக்கிக்கொண்டு நின்றான் தவம். ஆள் நன்றாக மெலிந்துவிட்டான். அங்கேயே சொல்லிவிடத்தான் போனேன். வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பொதுக்கூட்டம், கட்டாயம் வா, உன்னுடைய அந்த விசயம்தான் என்றேன். அவன் குலையை நிலத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னும் என்னத்தைக் காட்டப்போறியள் அண்ணை?" என்றான். வா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன். அடுத்த நாள் தலைவரிடம் போய்க் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டேன். பழசை ஏன் கிண்டுகிறாய் என்று சினந்தார். தராவிட்டால் றோட்டில் திரை கட்டி ஓட்டுவேன் என்றேன். நான் அப்படிக் கதைத்து அவர் அறியார், நானும் அறியேன். ஓமென்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அதே கொம்பியூட்டரையும் என்னிடமே கிடந்த அந்தப் பென் டிரைவையும்தான் கொண்டுபோனேன். பட்டரியை மாற்றவில்லை, லேஅவுட்டையும் மாற்றவில்லை. கொழுவிய உடனே நேரம் பன்னிரண்டிலிருந்து தொடங்கியது. தவம் வந்தான், உள்ளே வரவில்லை, வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அவனைக் கண்டதும் இரண்டு பேர் எழும்பிப் போகப் பார்த்தார்கள், இருக்கச் சொன்னேன். படத்தைப் போட்டு, முன்பு நிற்பாட்டிய அதே இடத்தில் நிற்பாட்டினேன். தவத்தின் கால் தூக்கியபடி நின்றது. மேல் மூலையில் 12:34. அன்றைக்கு இதே இடத்தில் என்ன நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒன்று இருபது என்று மைத்துனரே சொன்னார். மூன்று வருடமாக ஊர் மறக்காத எண் அல்லவா. இப்போது என்ன காட்டுகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு முப்பத்துநாலு என்று ஒருவர் வாசித்தார். கொஞ்சம் பொறுங்கள், படத்தைப் பாராதீர்கள், மூலையைப் பாருங்கள் என்றேன். அந்த ஒரு நிமிடம் போன போக்கை என்னால் எழுதமுடியாது. 12:35 ஆனது. முன்வரிசையில் யாரோ ஐயோ என்று மெல்லச் சொன்னது கேட்டது. நான் பொத்தானை அமத்தினேன். என் பெயர் போனது. அதன் அடியில் கமரா பொறித்த திகதி, களவு போன அதே நாள். பக்கத்தில் நேரம், 19:12. தவம் சொன்ன ஏழு மணி, மைத்துனர் தன் எஞ்சினைக் கண்ட ஒன்பது மணிக்கு முன்.

தலைவர் ஏதோ சொல்ல எழும்பினார். அதற்கு முன் தவம் உள்ளே வந்துவிட்டான். திரையை அவன் பார்க்கவே இல்லை, நேரே என் மேசைக்கு வந்து நின்றான்.

"உது உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணை?"

நேற்றுத்தான் தெரிந்தது என்று ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. உனக்கு மறைக்காமல் சொல்கிறேன், இத்தனைக்குப் பிறகும் வந்தது.

"அண்டைக்கே," என்றேன். "இதே கதிரையிலை இருக்கேக்கையே."

கூட்டம் கலவரப்பட்டது. ஒருவன் என் சேட்டைப் பிடித்தான், பொத்தான் இரண்டு தெறித்தது. அடித்தால் வாங்குவது என்று முடிவோடுதான் போயிருந்தேன். தவம்தான் அவன் கையை விலக்கிவிட்டான். என்னை அடித்து என்ன வரப்போகிறது என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தான். "எழும்புங்கோ. வீட்டை வாங்கோ," என்றான். "மலருக்குச் சொல்லுங்கோ. நீங்கள்தான் சொல்லவேணும், உங்கடை வாயாலை."

அவனுக்குப் பின்னால் நடந்தேன். அவன் வீடு கிட்டத்தான், ஆனால் அந்தத் தூரம் முடியாமல் நீண்டது. மலர் வாசலில் நின்று பழைய வலையொன்றைக் கோழிக்கூட்டுக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினாள். நில் என்று தவம் சொன்னான். நான் முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பட்டரியிலிருந்து தேங்காய் வரை ஒன்றையும் விடாமல். அவள் கையிலிருந்த கயிற்று முனையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றாள்.

நான் முடித்தபிறகு சொன்னாள், "இவர் எனக்குப் பிள்ளையளிலை சத்தியம் பண்ணினவர் அண்ணை. நான் உங்கடை படத்தைத்தான் நம்பினனான்."

தவம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தே சொன்னாள், "கூட்டம் முடிஞ்சு வந்த அண்டைக்கு, எஞ்சினை எங்கை வித்தனீங்கள் எண்டு இவரைக் கேட்டனான். ஆறுதலாத்தான் கேட்டனான். சொன்னா ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டும் சொன்னனான்."

தவம் முற்றத்தை விட்டு இறங்கி வேலிப் பக்கம் போய் நின்றான். அவள் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். போவதா நிற்பதா என்று தெரியவில்லை. என்னைப் போகச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

சங்கம் அவனைத் திரும்பவும் சேர்த்துக்கொண்டது, கரைக்கு வரலாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நேற்று முழுக்கவும் இன்று காலையிலும் போய்ப் பார்த்தேன், அவன் கரைக்கு வரவில்லை. வருவானா என்று எனக்குத் தெரியாது. மலர் கேட்ட கேள்விக்கு அவன் அன்றைக்கு என்ன பதில் சொன்னான் என்பதும் எனக்குத் தெரியாது. அவனிடம் அதைக் கேட்கும் வாய் எனக்கு இல்லை தம்பி.

அப்பா